கேமராத் திரையை நம்பாமல் ரா (RAW) வடிவில் எடுப்பது எப்படி

ராவில், அதாவது கேமராவின் ஒளியுணரி (சென்சார்) பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு வடிவில், படமெடுக்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எடுத்த கையோடு பின்திரையில் பார்க்கிறீர்களே, அது ரா இல்லை. ரா கோப்புக்குள் கேமரா சேர்த்துவைக்கும் ஒரு ஜேபெக், அதாவது கேமராவே பதப்படுத்திய படம். பக்கத்தில் தெரியும் ஹிஸ்டோகிராமும் (இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடம்) அந்த ஜேபெக்கினுடையதுதான். அதிக வெளிச்சம் என்று மின்னி எச்சரிக்கும் திட்டுகளும் அதைப் பார்த்துத்தான் மின்னுகின்றன. இது மனதில் பதிந்துவிட்டால், எடுப்பதிலும் திருத்துவதிலும் வரும் குழப்பத்தில் பாதி போய்விடும்.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளியை ஒரே ஒரு எண்ணாகப் பதிகிறது. 14 பிட் கோப்பென்றால் அந்த எண்ணுக்கு 16,384 படிகள் உண்டு. நிறத்தைப் பிரிப்பது மேலே இருக்கும் வடிகட்டி. பெரும்பாலான கேமராக்களில் இருப்பது, கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் பெயரில் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு: பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். இந்த எண்களிலிருந்து கேமராவே வண்ணப் படத்தை உருவாக்கி, நிறத்துக்கு 256 படிகள் மட்டும் வைத்து மிச்சத்தை விட்டுவிட்டால் கிடைப்பது ஜேபெக். அந்த வேலையை நம் கைக்கு விட்டுவைப்பது ரா.

ஒரு பிக்சல் நிரம்பிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு ஒளி விழுந்தாலும் எண் ஏறாது. அங்கே இருந்த விவரம் போனது போனதுதான். இருட்டில் கிடப்பதை ஓரளவு தூக்கி எடுக்கலாம், கூடவே நாய்ஸும் (மணல்போல் தெரியும் புள்ளிகள்) வரும். அந்த நாய்ஸுக்குப் பெரிய காரணம் ஒளி போதாமை. ஆகவே, முக்கியமான வெண்மை நிரம்பாத அளவுக்கு, முடிந்தவரை நிறைய ஒளியை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைத்தான் கேமராத் திரை சரியாகச் சொல்வதில்லை. அதை நீங்களே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

நெசவு தெரியும் வெள்ளைத் துணி ஒன்றைச் சீரான வெளிச்சத்தில் தொங்கவிடுங்கள். கேமராவை மேனுவலிலும், ஒளி அளவியைச் சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட்டிலும் வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 100. துணியை அளந்தால் அளவி நடுவில் நிற்கும் இடம்தான் சுழியம். அங்கிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டி முதல் படம். பிறகு ஷட்டர் வேகத்தை மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் குறைத்துக்கொண்டே, சுழியத்துக்கு மேல் நான்கு ஸ்டாப் வரை எடுங்கள். எந்தப் படத்தில் திட்டு மின்னத் தொடங்கியது என்று குறித்துவையுங்கள். பிறகு கணினியில் திறந்து, எல்லாப் படங்களின் எக்ஸ்போஷரையும் ஒரே வெளிச்சத்துக்கு இறக்குங்கள். ரா திருத்தும் மென்பொருளாக ராதெரபியோ டார்க்டேபிளோ இருந்தால் ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) மீட்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் ஊகித்து நிரப்பியதை நிஜமென்று நம்பிவிடுவோம். நெசவு மறைந்து துணி மொழுக்கென்று ஆகும் படம்தான் உங்கள் கேமராவின் எல்லை. மின்னத் தொடங்கிய இடத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளி கேமராவுக்குக் கேமரா மாறும். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்க வேண்டுமானால் ஜேபெக்கின் தோற்றத்தை முடிவுசெய்யும் பிக்சர் ஸ்டைலை கேமராவில் நியூட்ரலுக்கு மாற்றி, கான்ட்ராஸ்டைக் குறைத்துவையுங்கள். ராவின் எண்களை அது தொடாது. திரையில் வரும் ஹிஸ்டோகிராம் மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

நான் அதிகம் எடுப்பது நீர்ப்பறவைகளை. கரிய நீருக்கு முன் நிற்கும் வெண்கொக்கை கேமராவின் விருப்பத்துக்கு விட்டால், நீரின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் கொக்கின் இறகை வெள்ளைக் காகிதமாக்கிவிடும். கொக்கின் உடலையே ஸ்பாட்டில் அளந்து, இரண்டரை ஸ்டாப் கூட்டி, அப்படியே மேனுவலில் பூட்டிவிடுவேன். வெயில் மாறாதவரை பின்னணியில் நீர் வந்தாலும் புதர் வந்தாலும் இறகின் வெளிச்சம் ஒன்றுதானே. பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி தேவை. அதற்காக ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம். அசைந்து கலங்கிய இறகை எந்த மென்பொருளும் சரியாக்கித் தராது. நீரில் தெறிக்கும் சூரிய ஒளிப்புள்ளிகள் நிரம்பட்டும், அவற்றில் காப்பாற்ற எதுவுமில்லை.

செம்பருத்தி போன்ற அடர்சிவப்புப் பூக்கள் வேறு விதமாக ஏமாற்றும். மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்புச் சேனல் மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். ஆகவே மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமையே வைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸுக்காக, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்காக, சிவப்பைப் பெருக்கிய பிறகு வரும் கணக்கு அது என்பதால், ராவில் சிவப்பு பத்திரமாக இருக்கவும் வாய்ப்புண்டு.

ஒயிட் பேலன்ஸ் என்பது ராவில் வெறும் குறிப்புதான். பிறகு எப்படி மாற்றினாலும் இழப்பில்லை.

இனி கணினி. லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் படம் முதலில் பளிச்சென்று வந்து, அடுத்த நொடி சற்று வெளிறுவதைப் பலரும் பார்த்துப் பதறுகிறார்கள். கேமராவின் ஜேபெக் விலகி, மென்பொருளின் சொந்த விளக்கம் அந்த இடத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். கேமராவின் நிறம்தான் பிடிக்குமென்றால் ப்ரொஃபைலில் கேமரா மேட்சிங் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்லைடர்களைத் தொடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். பிறகு மாற்றினால் அதுவரை திருத்திய தோற்றம் மாறிவிடும்.

அடுத்து லென்ஸ் திருத்தம், ஒயிட் பேலன்ஸ், பிறகு எக்ஸ்போஷர். நிறைய ஒளி வாங்கி எடுத்த படம் வெளிறித்தான் தெரியும். எக்ஸ்போஷரை இறக்கினாலே பாதி வேலை முடியும். கொக்குப் படத்தில் ஹைலைட்டை மெல்லக் குறைத்து, இறகின் அடுக்குகள் பிரிந்து தெரியும் இடத்தில் நிறுத்துவேன். அதற்குமேல் போனால் வெள்ளை சாம்பலாகிவிடும்.

ஷேடோவை, அதாவது இருண்ட பகுதிகளை, தூக்குவதில்தான் நிதானம் வேண்டும். அமைதியான நீரில் தெரியும் வானத்தின் பிம்பம் எப்போதும் வானத்தைவிடச் சற்று இருண்டே இருக்கும். ஷேடோவை ஏற்றி, வானத்தை இறக்கி, பிம்பம் வானத்தைவிடப் பளிச்சென்று ஆன படங்களை நிறையப் பார்க்கிறேன். ஏனென்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் அது பொய்யென்று கண் சொல்லிவிடும். நிழலுக்கு நிழலாக இருக்கும் உரிமை உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

நாய்ஸில் நிறத் திட்டுகளை முழுதாக நீக்குங்கள். வெறும் மணலாகத் தெரிவதில் கொஞ்சம் விட்டுவையுங்கள். அதையும் வழித்தெடுத்தால் இறகு பிளாஸ்டிக்காகிவிடும். ஷார்ப்பனிங்கை 100 சதவீதப் பெரிதாக்கலில் பார்த்தே செய்யுங்கள். லைட்ரூமில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங்கை நகர்த்தினால், வெள்ளையாகத் தெரியும் ஓரங்களில்தான் கூர்மை ஏறும். நீரும் வானமும் கறுப்பாகும்வரை நகர்த்துங்கள்.

இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். வேறு மென்பொருளில் வேலையைத் தொடர்வதானால் 16 பிட் டிஃப் கோப்பாக. ராவைக் காப்புநகல் எடுக்கும்போது திருத்தங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதையும் பாருங்கள். டார்க்டேபிள், படத்தின் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி கோப்பை எழுதுகிறது. லைட்ரூம் கிளாசிக் முதன்மையாகக் கேட்டலாக் எனும் தன் தரவுத்தளத்தில் வைக்கிறது. ராவை மட்டும் நகலெடுத்தால் திருத்தம் எதுவும் கூட வராது.