பணியிட விபத்தின்போது குடும்பத்தாரிடமும் ஊழியர்களிடமும் பேசும் முறை

2006 ஜனவரி 2 அன்று, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 13 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டனர். மறுநாள் நள்ளிரவை ஒட்டி, அவர்களில் 12 பேர் உயிருடன் இருப்பதாகத் தேவாலயத்தில் காத்திருந்த குடும்பத்தினருக்குச் செய்தி எட்டியது. உண்மையில் பிழைத்திருந்தவர் ஒருவர் மட்டுமே. சுவாசக் கவசம் அணிந்த மீட்புக் குழுவினர் சொன்னது பலர் வழியாக மேலே வருவதற்குள் திரிந்துவிட்டது. அச்செய்தி தவறு என்ற தகவல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே நிர்வாகத்துக்குக் கிடைத்தும், குடும்பத்தினர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் மகிழ்ச்சியில் விடப்பட்டனர். செய்தி திரிந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தத் தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்நிகழ்வை மனத்தில் இருத்தியே கீழ்வரும் படிகளைப் படிக்க வேண்டும்.

முதல் படி: பெயர்ப் பட்டியல்

வருகைப் பதிவேட்டையும் வாயிற்பதிவேட்டையும் ஒப்பிட்டு, அந்த ஷிப்டில் இருந்தவர்கள் யார் யார் என்று உறுதிசெய்யுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்களே பெரும்பாலும் விடுபடுகின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒடிசாவிலோ பீகாரிலோ இருக்கும் குடும்பமென்றால், அவர்களுடைய மொழி அறிந்தவரே பேச வேண்டும்.

இரண்டாம் படி: முதல் அழைப்பு

தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லுங்கள். "இன்று பிற்பகல் 2.40 மணிக்குக் கொதிகலன் பிரிவில் விபத்து நடந்திருக்கிறது. உங்கள் கணவர் அங்கே பணியில் இருந்தார். அவருடைய நிலை எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. நான்கு மணிக்கு நானே மறுபடியும் அழைக்கிறேன்." புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் நான்கு மணிக்கு அழைத்தே ஆக வேண்டும். முன்பு சொன்னது தவறென்று ஐயம் எழுந்தால், முழு உண்மை தெரியும்வரை காத்திராமல், அந்த ஐயத்தையே உடனே தெரிவியுங்கள்.

மூன்றாம் படி: மரணச் செய்தி

"சீரியஸாக இருக்கிறார், உடனே வாருங்கள்" என்று சொல்லி வரவழைப்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். இரக்கத்தால் சொல்லப்படும் பொய்தான் அது. ஆயினும் வழிநெடுக வேண்டுதலோடு வந்தவர்களை அது பிணவறை வாசலில் நிறுத்திவிடுகிறது. இயன்றவரை இருவர் நேரில் செல்லுங்கள். ஒருவர் அந்தக் குடும்பம் அறிந்தவராக இருக்கட்டும். தொலைவில் இருப்பவர்களென்றால், அருகிலுள்ள பெரியப்பாவையோ தாய்மாமனையோ முதலில் அவர்களுடைய வீட்டுக்குப் போகச் சொல்லி, அதன்பின் பேசுங்கள். "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். பிறகு அமைதியாக இருந்து, அவர்கள் கேட்பதற்கு மட்டும் விடை கூறுங்கள். அன்று எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது.

நான்காம் படி: ஊழியர்கள்

குடும்பத்தாருக்குச் சொன்னபின், ஊடகங்களுக்குச் சொல்வதற்கு முன்பாக, அந்தந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் ஊழியர்களைக் கூட்டி நேரில் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் படங்களைப் பகிர வேண்டாம் என்று மிரட்டாமல், இறந்தவருடைய பிள்ளைகள் அவற்றைப் பார்க்க நேரும் என்ற காரணத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பின்வரும் வாரங்கள்

முதலில் பேசியவரே தொடர்ந்து பேச வேண்டும். ஈமச் சடங்குகள் முடிந்தபின், இஎஸ்ஐ சார்ந்தோர் உதவித்தொகைக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் உரிய படிவங்களை அவரே வீட்டுக்கு எடுத்துச் சென்று நிரப்பித் தரலாம். லாக்கரில் இருக்கும் டிபன் பாக்ஸையும் சட்டையையும் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். துவைத்துத் தரலாமா, அப்படியே வேண்டுமா என்று வீட்டாரைக் கேட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.