டாஸ் கணினியில் சீரியல் போர்ட் அமைப்பு மின்தடைக்குப் பிறகும் நிலைக்க

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) ஓடும் பில் மென்பொருளும், தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் கேபிளில் இணைந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இன்றும் உழைக்கின்றன. ஆனால் கரண்ட் போய் வந்தால் பில் அச்சாகாது. போர்ட்டின் வேகமும் மற்ற அமைப்புகளும் அந்தப் போர்ட்டை இயக்கும் யுஏஆர்டி சிப்பின் பதிவகங்களில் (சிப்புக்குள் உள்ள தற்காலிக நினைவிடங்களில்) மட்டுமே இருப்பதால், மின்சாரம் நின்றதும் அழிந்துவிடுகின்றன. கணினி எழும் ஒவ்வொரு முறையும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பு அவற்றைத் திரும்பக் கொடுக்கும்படி எழுதிவைத்ததும் சிக்கல் தீர்ந்தது.

படி 1: பிரிண்டரின் டிப் ஸ்விட்ச் (அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்சுகள்) நிலைகளைக் கையேட்டில் பார்த்து, வேகம், பாரிட்டி (பிழையைக் கண்டறியச் சேர்க்கும் பிட்), டேட்டா பிட், ஸ்டாப் பிட் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ஆங்கில எழுத்துகளில் இந்த வரியைச் சேருங்கள்:

மோட் காம்1:9600,என்,8,1,பி

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது இந்த வரிதான். வேகத்தை மட்டும் எழுதி மற்றவற்றை விட்டுவிட்டால் டாஸ் பிழை காட்டாது; ஈவன் (1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும்) பாரிட்டி, 7 டேட்டா பிட் என்று தானே வைத்துக்கொள்ளும். பிரிண்டர் 8 பிட்டை எதிர்பார்த்தால், அந்தப் பாரிட்டி பிட்டையும் எழுத்தின் பகுதியாகவே படிக்கும். அதனால் 1-களின் எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டைப்படையாக உள்ள ஏ, பி (A, B) இரண்டும் சரியாக அச்சாகி, ஒற்றைப்படையாக உள்ள சி (C) மட்டும் வேறு குறியாக மாறும். பாதி எழுத்து சரி, பாதி தவறு என்றால் கேபிளைச் சந்தேகிக்காமல் இந்த வரியைப் பாருங்கள். வரியின் கடைசியில் உள்ள பி (P), பிரிண்டர் தயாராகும்வரை டாஸைத் திரும்பத் திரும்ப முயலச் செய்கிறது.

படி 3: மென்பொருள் எல்பிடி1-க்கு (LPT1, பாரலல் பிரிண்டர் போர்ட்) அச்சிடுவதாக இருந்தால், அடுத்த வரியாக இதை எழுதுங்கள்:

மோட் எல்பிடி1:=காம்1:

படி 4: இரண்டு வரிகளும் பில் மென்பொருளைத் தொடங்கும் வரிக்கு மேலே இருக்க வேண்டும். அவற்றுக்கு முன்னால் வேறொரு பேட்ச் கோப்பு (கட்டளைகள் வரிசையாக எழுதப்பட்ட கோப்பு) கால் (CALL) என்ற சொல் இல்லாமல் அழைக்கப்பட்டிருந்தால், கட்டுப்பாடு திரும்பி வராது. உங்கள் வரிகள் இயங்கவே இயங்கா.

திருத்துவதற்கு டாஸ் 5 முதல் கிடைக்கும் எடிட் நிரலையே பரிந்துரைக்கிறேன். வேர்ட்ஸ்டாரின் ஆவண முறை கோப்புக்குள் தன் குறிகளைக் கலந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் ஓர் எழுத்துகூட அச்சாகவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது மூன்று கம்பி கேபிள். பயாஸ் (கணினியின் அடிப்படை நிரல்) வழியாக அச்சிடும்போது, எதிர்ப்பக்கம் தயார் என்று சொல்லும் டிஎஸ்ஆர், சிடிஎஸ் கம்பிகள் இரண்டும் உயிர்பெறாமல் கணினி எதையும் அனுப்பாது. ஆகவே பிரிண்டர் தயாராக இருப்பதைத் தெரிவிக்கும் அதன் டிடிஆர் கம்பியைக் கணினியின் 9 பின் இணைப்பானில் 6, 8 ஆகிய இரு பின்களுக்கும் கொண்டுவந்து பற்றவையுங்கள். கணினிப் பக்கத்திலேயே 4-ஐ 6-உடனும் 7-ஐ 8-உடனும் இணைத்தாலும் அச்சாகும். ஆனால் பிரிண்டரின் நினைவகம் நிரம்பியது கணினிக்குத் தெரியாமல், நீளமான பில்களில் வரிகள் விடுபடும்.