வெட்னரி படிக்க அப்ளை பண்றதுக்கு முன்னாடி வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்: பசங்க எங்கெங்க கோட்டை விடறாங்க

"எத்தனை மணி நேரம் பண்ணணும்?" வெட்னரி படிக்கணும்னு வர்ற பசங்க முதல்ல கேக்கறது இதான், அவங்கள விட அவங்க அப்பா அம்மா இன்னும் அதிகமா கேக்கறாங்க. கேக்கறதுல தப்பு இல்ல, ஆனா அந்த ஒரு கேள்வியோட நின்னுட்டா மிச்ச தப்பு எல்லாம் அதுலேர்ந்து வரிசையா கிளம்பி வரும்.

முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும், க்ளினிக், பண்ணைன்னு போய் கூட நின்னு பார்த்து வேலை செய்யற இந்த வொர்க் எக்ஸ்பீரியன்ஸை எல்லா நாட்டுலயும் கேக்கறதில்ல, நிறைய இடத்துல மார்க்கும் என்ட்ரன்ஸும் போதும். பிரிட்டன், அமெரிக்கா மாதிரி இடங்களுக்கு அப்ளை பண்றவங்களுக்குதான் இது பெரிய விஷயம். அங்கயும் காலேஜுக்கு காலேஜ் மாறும். ஒரு இடம் இத்தனை நாள் க்ளினிக்ல, இத்தனை நாள் மத்த இடத்துலன்னு எழுதியே வெச்சிருக்கும், இன்னொரு இடம் குறைஞ்சபட்சம்னு எதுவும் சொல்லாம "நீ என்ன புரிஞ்சுகிட்ட"ன்னு இன்டர்வியூல உட்கார வெச்சு கேக்கும். எப்பவோ சேர்ந்த சீனியர் சொன்ன நம்பரை வெச்சு ப்ளான் போடாதீங்க, வருஷா வருஷம் மாத்தறாங்க. நீங்க அப்ளை பண்ற வருஷத்துக்கான பக்கத்தை அந்தந்த காலேஜ் சைட்லயே போய் படிங்க, ஆன்லைன் கோர்ஸை கணக்குல எடுப்பாங்களா, எந்த தேதிக்குள்ள முடிச்சிருக்கணும்னு எல்லாம் அதுலதான் இருக்கும்.

தேதின்னதும் ஞாபகம் வருது. பிரிட்டன்ல மத்த கோர்ஸுக்கெல்லாம் ஜனவரி வரைக்கும் டைம் இருக்கும்போது யூகாஸ்ல, அதாவது அங்க காலேஜுக்கெல்லாம் பொதுவா அப்ளை பண்ற இடத்துல, வெட்னரிக்கு கடைசி நாள் அக்டோபர் 15. இதை மறந்துட்டு ஆகஸ்ட்ல க்ளினிக் தேட ஆரம்பிக்கறாங்க பாருங்க, அங்கதான் பாதி பேர் மாட்டிக்கறாங்க, ஏன்னா அந்த லீவுக்கு அதே ஊர்ல இருக்கற மத்த பசங்க எல்லாம் ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருப்பாங்க, இது போக காலேஜ்ல ஏற்கனவே படிக்கற வெட் ஸ்டூடண்ட்ஸும் ப்ராக்டிகலுக்கு அதே க்ளினிக்குக்குதான் வருவாங்க, அவங்களுக்குதான் முதல் இடம் குடுப்பாங்க. பண்ணைல போய் பார்க்கணும்னா செம்மறி குட்டி போடற சீசன் அங்க பெரும்பாலும் பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும், அதை விட்டுட்டா அடுத்தது அடுத்த வருஷம்தான். அதனால கடைசி வருஷம் வரைக்கும் தள்ளிப் போடாம ஒரு ஒன்றரை வருஷம் முன்னாடியே ஆரம்பிங்க.

கேக்கற விதத்துலயும் சொதப்பறாங்க. நாப்பது க்ளினிக்குக்கு ஒரே மெயிலை காப்பி பண்ணி அனுப்பறது, அதுல வேற ஒரு க்ளினிக் பேரு அப்படியே இருக்கறது, இதெல்லாம் நிஜமாவே நடக்குது. அம்மா ஃபோன் பண்ணி "எங்க பையனுக்கு ஒரு வாரம் வேணும்"னு கேக்கறது அதை விட மோசம். பதினேழு வயசு ஆள் தானே நேர்ல போய், ரிசப்ஷன் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, எந்த வாரம் வர முடியும், என்ன பார்க்கணும், வயசு என்னன்னு ஒரு சின்ன லெட்டர்ல எழுதி குடுத்தா அதுக்கு இருக்கற மரியாதையே வேற. அங்க யாரை உள்ள விடலாம்னு முடிவு பண்றது பாதி நேரம் ரிசப்ஷன்ல இருக்கறவங்களும் ஹெட் நர்ஸும்தான், அவங்ககிட்ட அலட்சியமா பேசிட்டு டாக்டர்கிட்ட மட்டும் சிரிச்சா கதை அங்கயே முடிஞ்சுது.

சரி, இடம் கெடச்சிருச்சு. அடுத்த பெரிய தப்பு, எல்லா நேரத்தையும் ஒரே நாய்-பூனை க்ளினிக்ல கொட்டறது. வசதியா இருக்கும், ஏசி இருக்கும், வீட்டுக்கு பக்கத்துல இருக்கும். ஆனா நீங்க படிக்கப் போறது நாய்க்கும் பூனைக்கும் மட்டும் இல்லயே, மாடு, ஆடு, பன்னி, கோழி, குதிரை எல்லாம் சேர்த்துதான் அந்த டிகிரி. பால் பண்ணைல ஒரு வாரம் நின்னு பார்த்தாதான் மாட்டு டாக்டர் ஒரு மாட்டை மட்டும் பார்க்கறதில்ல, மந்தையவே பார்க்கறாருன்னு புரியும். ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தா அதுக்கு மருந்து குடுக்கறது ஒரு பக்கம், ஏன் இந்த மாசம் பத்து மாட்டுக்கு வந்துச்சு, கறக்கற மெஷின்ல கோளாறா, படுக்கற இடம் ஈரமா, மருந்து போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் விக்கக் கூடாது, இதுக்கு பண்ணைக்காரருக்கு எவ்ளோ நஷ்டம்னு யோசிக்கறது இன்னொரு பக்கம். இதை நேர்ல பார்த்தவங்க பேசறதுக்கும் பார்க்காதவங்க பேசறதுக்கும் இன்டர்வியூல ரெண்டே நிமிஷத்துல வித்தியாசம் தெரிஞ்சிரும்.

இதே மாதிரி "க்ளினிக்தான் முக்கியம், நாய் காப்பகத்துல கூண்டு கழுவறதெல்லாம் டைம் வேஸ்ட்"னு ஒரு நெனப்பு. க்ளினிக்ல உங்களுக்கு பெரும்பாலும் வேடிக்கை பார்க்கற வேலைதான். மிருகத்தை கையால பிடிக்கறது, பயந்த நாய்கிட்ட எப்படி போறது, குதிரைக்கு பின்னாடி ஏன் நிக்கக்கூடாது, செம்மறியை எப்படி திருப்பி உட்கார வைக்கறது, இதெல்லாம் வர்றது காப்பகத்துலயும் தொழுவத்துலயும் லாயத்துலயும்தான். அமெரிக்கால விஎம்காஸ்ங்கற பொது அப்ளிகேஷன்ல ரெண்டையும் தனித்தனி தலைப்புலதான் போடச் சொல்றாங்க, டாக்டர் மேற்பார்வைல பண்ணது வெட்னரி எக்ஸ்பீரியன்ஸ், பண்ணை, காப்பகம், ஜூ மாதிரி இடத்துல டாக்டர் இல்லாம பண்ணது அனிமல் எக்ஸ்பீரியன்ஸ். ரெண்டையும் கலந்து போட்டா யாரும் உக்காந்து உங்களுக்காக பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. வீட்டு நாயை எட்டு வருஷமா வளர்த்தேங்கறது ரெண்டுலயும் சேராது, சந்தோஷமான விஷயம்தான், ஆனா சேராது.

இறைச்சிக்கூடத்தை நிறைய பேர் யோசிச்சுக்கூட பார்க்கறதில்ல. பிடிக்கும்னு யாரும் போறதில்ல, ஆனா அங்கயும் ஒரு வெட், அதாவது வெட்னரி டாக்டர், நிக்கறாரு, வெட்டறதுக்கு முன்னாடி உயிரோட இருக்கற மிருகத்தைப் பார்க்கறாரு, அப்புறம் ஈரல் நுரையீரல்னு பரிசோதனை நடக்குது, மக்கள் சாப்பிடற கறி பாதுகாப்பா இருக்கணும், மிருகம் தேவையில்லாம கஷ்டப்படக் கூடாது, ரெண்டும் அவர் பொறுப்பு. 18 ஆகலன்னா பல இடத்துல விட மாட்டாங்க, சைவமா இருக்கறவங்களுக்கு மனசு வராமலும் இருக்கலாம். போக முடியலன்னா பரவால்ல, ஆனா இந்த வேலையோட இந்தப் பக்கத்தைப் பத்தி எதுவுமே தெரியாம இன்டர்வியூல போய் உக்காராதீங்க.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயத்துக்கு வரேன். நேரத்தை மட்டும் எண்ணிட்டு, பார்த்ததை எழுதி வைக்காம விடறது. பல பேர் டைரி எழுதறாங்க, ஆனா எப்படி? "இன்னிக்கு மூணு நாய்க்கு கருத்தடை ஆபரேஷன் பார்த்தேன், சூப்பரா இருந்துச்சு." இதை வெச்சு ஒரு வருஷம் கழிச்சு என்ன பேசுவீங்க? ஒரு உதாரணம் சொல்றேன். கன்னு போட்ட மறுநாள் ஒரு பால் மாடு எழுந்திரிக்க முடியாம கிடக்குது, டாக்டர் வந்து நரம்புல கால்சியம் ஏத்தறாரு, கொஞ்ச நேரத்துல மாடு எழுந்து நடக்குது. பார்க்கறதுக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும், டைரில "மாடு எழுந்துருச்சு!!"ன்னு மூணு ஆச்சரியக்குறி போடத் தோணும். ஆனா எழுத வேண்டியது வேற. ஏன் கன்னு போட்டதும் வருது? பால் திடீர்னு சுரக்கும்போது ரத்தத்துல இருக்கற கால்சியம் அதுக்குள்ள இறங்கிடுது, உடம்பு எலும்புலேர்ந்தும் தீனிலேர்ந்தும் அவ்ளோ சீக்கிரம் ஈடுகட்ட முடியல, அதான் தசை வேலை செய்யாம விழுது. ஏன் அவ்ளோ மெதுவா ஏத்தினாரு, ஏன் ஏத்தும்போது இதயத்துடிப்பை கேட்டுட்டே இருந்தாரு? வேகமா ஏத்தினா இதயமே நின்னுடலாம். பண்ணைக்காரர்கிட்ட அடுத்த மாடு விழாம இருக்க சினைக் காலத் தீனி பத்தி என்ன சொன்னாரு? இப்படி ஒரு கேஸை எழுதி வெச்சா அது முப்பது கருத்தடைக்கு சமம்.

க்ளினிக்லயும் அதேதான். வயசான பொட்டை நாய், கருத்தடை பண்ணல, இனச்சேர்க்கைப் பருவம் வந்து சில வாரம் கழிச்சு தண்ணியா குடிக்குது, சாப்பிடல, கர்ப்பப்பைல சீழ். ஆண் பூனை மணல் தட்டுல போய் போய் முக்குது, ஓனர் மலச்சிக்கல்னு நெனச்சு ரெண்டு நாள் விட்டுட்டாரு, பார்த்தா மூத்திரம் அடைச்சு உயிருக்கு ஆபத்தான நிலைமை. இதுல நோயை விட முக்கியமா கவனிக்க வேண்டியது அடுத்து நடக்கற பேச்சு. ஆபரேஷனுக்கு இவ்ளோ ஆகும்னு டாக்டர் சொல்றாரு, ஓனர்கிட்ட அவ்ளோ இல்ல. அப்ப என்ன பண்றாங்க? குறைஞ்ச செலவுல வேற வழி இருக்கா, தவணைல கட்டலாமா, இல்ல கருணைக்கொலைதான் மிச்சமா, இதை அழுதுட்டு நிக்கற ஒருத்தர்கிட்ட எந்த வார்த்தைல சொல்றாங்க? "எனக்கு மனுஷங்களை விட மிருகங்களைத்தான் பிடிக்கும், அதான் வெட் ஆகணும்"னு சொல்ற ஆளு ரெண்டு நாள் கன்சல்டிங் ரூம் மூலைல நின்னாலே தெரிஞ்சிக்கலாம், நாள் முழுக்க அங்க பேசறது மனுஷங்ககிட்டதான்.

எப்ப கேள்வி கேக்கறது? ஓனர் முன்னாடி வாயைத் திறக்காதீங்க. ஊசில மருந்து எடுத்துட்டு இருக்கும்போதும், மயக்க மருந்து குடுக்கும்போதும் கேக்காதீங்க. நோட்டுல குறிச்சு வெச்சுட்டு ஒரு ஃபார்ம்லேர்ந்து இன்னொரு ஃபார்முக்கு கார்ல போறப்ப கேளுங்க, அப்ப டாக்டரே பேச ஆள் கெடச்சாச்சுன்னு சந்தோஷமா சொல்லுவாரு. அதுக்காக நாலு நாள் சுவத்துல சாஞ்சு ஃபோன் நோண்டிட்டு நின்னா "ஆர்வம் இல்லாத பிள்ளை"ன்னு முடிவு பண்ணிடுவாங்க, துடைப்பத்தை எடுங்க, மேசையைத் துடைங்க, நர்ஸ்கிட்ட "நான் என்ன செய்யட்டும்"னு கேளுங்க. ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறது வேண்டவே வேண்டாம், அந்த நாயோட ஓனர் அதைப் பார்த்தா க்ளினிக்குக்கும் தலைவலி, உங்களுக்கும் அன்னிக்கே டாட்டா.

பாதுகாப்பு விஷயத்துல ரொம்ப அசால்ட்டா இருக்காங்க. வயித்தாலப் போற கன்னுக்குட்டியைத் தொட்டுட்டு கை கழுவாம பிஸ்கட் சாப்பிட்டா கிரிப்டோஸ்போரிடியம்ங்கற ஒட்டுண்ணி உங்க வயித்துக்கும் வரும், வெட் ஸ்டூடண்ட்ஸ்க்கு இது ரொம்ப சகஜம். படர்தாமரை, எலிக்காய்ச்சல், செம்மறி வாய்ப்புண்லேர்ந்து கைக்கு வர்ற ஆர்ஃப்ங்கற புண், லிஸ்ட் நீளம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கான்னு பாருங்க, வெறிநாய் நோய் இருக்கற நாடுன்னா அதுக்கும் முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்டுல யாராவது கர்ப்பமா இருந்தா குட்டி போடற ஆட்டுப்பட்டிலேர்ந்து அதே அழுக்கு டிரெஸ்ஸோட வீட்டுக்கு போகவே கூடாது, கரு கலையற அளவுக்கு போகக்கூடிய கிருமிகள் அதுல இருக்கு. எக்ஸ்ரே எடுக்கும்போது வெளிய போ சொன்னா போங்க, எட்டிப் பார்க்காதீங்க. பூட்ஸை ஒவ்வொரு பண்ணைலயும் கழுவி கிருமிநாசினில முக்கிட்டுதான் அடுத்த பண்ணைக்கு போகணும். 2001ல பிரிட்டன்ல கோமாரி வந்தப்ப 60 லட்சத்துக்கும் மேல மிருகங்களைக் கொல்ல வேண்டியதாச்சு, பூட்ஸ் விஷயத்துல ஒரு விவசாயி ஏன் அவ்ளோ கறாரா இருக்காருன்னு அதுலேர்ந்து புரிஞ்சுக்கோங்க.

மயக்கம் போட்டு விழறதை அவமானமா நெனச்சு மறைக்கறாங்க, அதுவும் தப்பு. முதல் ஆபரேஷன்ல தலை சுத்தறது ரொம்ப சாதாரணம். காலைல சாப்பிட்டுட்டு போங்க, முட்டியை இறுக்கி வெச்சு நிக்காதீங்க, கண்ணு இருட்டிட்டு வந்தா சொல்லிட்டு தரையிலயே உக்காருங்க. சொல்லாம நின்னு மேசை மேல விழுந்தாதான் பிரச்சனை.

எழுதும்போது வர்ற தப்பு ஒண்ணு, ஊதிப் பெருக்கறது. "நான் தையல் போட்டேன்", "ஊசி போட்டேன்"னு எழுதினா கெத்துன்னு நெனக்கறாங்க. பிரிட்டன்ல 1966 வெட்னரி சர்ஜன்ஸ் சட்டப்படி நோயைக் கண்டுபிடிச்சு சொல்றதும் ஆபரேஷன் பண்றதும் பதிவு பண்ண வெட்டோட வேலை, அப்ளிகேஷனைப் படிக்கறவங்களும் வெட்தான், பள்ளிக்கூடப் பிள்ளை தையல் போட்டுச்சுன்னா அவங்களுக்கு சந்தேகம்தான் வரும், உங்களை நம்பி இடம் குடுத்த டாக்டருக்கும் சிக்கல். 2026 அட்மிஷன்லேர்ந்து யூகாஸ் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை, அதாவது உங்களைப் பத்தி நீங்களே எழுதறதை, மூணு கேள்வியா பிரிச்சுட்டாங்க, மொத்தம் 4000 எழுத்து, ஸ்பேஸும் சேர்த்து. மூணாவது கேள்விதான் படிப்புக்கு வெளிய என்ன பண்ணீங்க, அது ஏன் உதவும்னு கேக்குது. அந்த "ஏன்"ஐ விட்டுட்டு இடங்களோட பேரை மட்டும் அடுக்கிட்டு போறவங்கதான் ஜாஸ்தி. ரெண்டு இடத்தை எடுத்து ஆழமா எழுதுங்க, மிச்சத்தை ஒரு வரில முடிங்க.

கடைசியா கையெழுத்து விஷயம். தேதி, மணி நேரம், யார் மேற்பார்வை, அவங்க ஃபோன், மெயில் எல்லாத்தையும் கடைசி நாள் கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல வாங்கிடுங்க. வெட்னரி டாக்டருங்க வேலை மாறிட்டே இருப்பாங்க, ஒரு வருஷம் கழிச்சு அந்த க்ளினிக்கைக் கூப்பிட்டா உங்களை ஞாபகம் வெச்சிருக்க ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க.