மதிப்பாய்வு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. கட்டுரையின் தலைப்பையும் சுருக்கத்தையும் அனுப்பி, மதிப்பாய்வு செய்து தர முடியுமா, அதாவது அதை வெளியிடலாமா, எதைத் திருத்த வேண்டும் என்று அதே துறையைச் சேர்ந்தவராகப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். முதல் தடவை இப்படிக் கேட்கும்போது மனசு நிறைந்துவிடும். உடனே 'சரி' என்று பதில் போட்டுவிடுவோம். பல தவறுகள் அந்த 'சரி'யிலேயே தொடங்குகின்றன.

ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து அறிக்கை எழுத எனக்கு முழுதாக ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள். அந்த நாள் கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்புக்கொண்டு, ஒரு கட்டுரையை மூன்று மாதம் கிடப்பில் போட்டிருக்கிறேன். அதை எழுதியவர் ஒரு முனைவர் பட்ட மாணவர் என்பதும், அது ஏற்கப்பட்ட பிறகுதான் அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. முடியாது என்றால் ஓரிரு நாளில் சொல்லிவிடுங்கள், கூடவே வேறு இரண்டு பேரின் பெயரையும் கொடுங்கள். இதழாசிரியருக்கு அதுவே பெரிய உதவி.

கட்டுரை உங்கள் துறையைப் பாதிதான் தொடுகிறது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். "களப்பணி பற்றி என்னால் சொல்ல முடியும், புள்ளியியல் பகுதியை வேறொருவர் பார்க்கட்டும்" என்று எழுதினால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. எழுதியவர் உங்கள் மாணவர், அண்மையில் சேர்ந்து எழுதியவர், அல்லது நேரடிப் போட்டியாளர் என்று தெரிந்தால், படிக்கத் தொடங்கும் முன்பே இதழாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

தான் எழுதியிருக்கக்கூடிய கட்டுரையைத் தேடுவது

நான் பார்த்தவற்றில் மிகப் பரவலான தவறு இதுதான். ஒருவர் இருபது பேரிடம் நீண்ட நேர்காணல் எடுத்து, அவர்கள் ஒரு நோயோடு எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். மதிப்பாய்வாளரோ பெரிய அளவு கணக்கெடுப்பு செய்கிறவர். "இருபது பேர் போதாது, ஆயிரம் பேரிடம் வினாநிரல் கொடுத்திருக்க வேண்டும்" என்று எழுதிவிடுகிறார். அது வேறு கேள்விக்கான வேறு ஆய்வு. இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி என்ன, அதற்கு இந்த முறை பொருந்துகிறதா, கிடைத்த தரவு அந்த முடிவைத் தாங்குகிறதா, இவைதான் நம் முன்னால் இருக்கும் கேள்விகள். நான் அறிக்கையின் தலையில் கட்டுரையின் வாதத்தை என் சொற்களில் நான்கு வரியில் எழுதிக்கொள்வேன். அந்த நான்கு வரி வரவில்லை என்றால் எனக்கு இன்னும் கட்டுரை புரியவில்லை என்று அர்த்தம்; குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. அந்த வரிகளைப் படிக்கும் கட்டுரையாளருக்கும், தன்னை ஒருவர் கவனித்துப் படித்திருக்கிறார் என்ற நம்பிக்கை வரும்.

அடுத்தது பொத்தாம்பொதுவாக எழுதுவது. "ஆய்வு முறை பலவீனமாக உள்ளது, மேம்படுத்த வேண்டும்" என்று ஒரு வரி வந்தால் கட்டுரையாளர் என்ன செய்வார்? எதை மேம்படுத்துவது? இதே குறையை இப்படி எழுதலாம்: "முறை பகுதியில் 212 பேர் பங்கேற்றதாக உள்ளது. அட்டவணை 3இல் கூட்டினால் 198தான் வருகிறது. விடுபட்ட 14 பேர் யார், ஏன் விடப்பட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் ஒரே பிரிவினர் என்றால் இரண்டாவது முடிவு நிற்காது." இதில் இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. கட்டுரையாளர் நாளை காலையே உட்கார்ந்து வேலையைத் தொடங்க முடியும்.

இப்படிப் பார்க்க அட்டவணைகளை விரல் வைத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழ் தன் மதிப்பாய்வாளர்களை வைத்தே ஒரு சோதனை செய்தது. முடிவு 1998இல் வெளியானது. ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 குறைகளைப் புகுத்தி அனுப்பினார்கள். மதிப்பாய்வாளர்கள் கண்டுபிடித்தது சராசரியாக 2. ஒரே மூச்சில் படித்துவிட்டு அறிக்கை எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நான் முதல் தடவை பேனா இல்லாமல் படிப்பேன். ஓரிரு நாள் விட்டு, இரண்டாம் தடவை அட்டவணையிலிருந்தும் படங்களிலிருந்தும் தொடங்குவேன்.

மொழித் திருத்தத்தில் மூழ்குவதும் ஒரு பொறிதான். இரண்டு பக்கத்துக்கு எழுத்துப்பிழைப் பட்டியல், வாதத்தைப் பற்றி இரண்டே வரி என்று அறிக்கை அமைந்துவிடும். மொழி பொருளை மறைக்கிறது என்றால் அந்த இடத்தைச் சுட்டினால் போதும். "தாய்மொழியாகப் பேசுபவரிடம் காட்டவும்" என்று எழுதவே கூடாது. எழுதியவர் யாரென்று தெரியாமல் சொல்வது அது. காயப்படுத்துவதைத் தவிர அதனால் பயன் இல்லை.

பெயரும் பெரிய மனிதர்களும்

1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஒரு கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார்கள். ஈர்ப்பு அலைகள் இல்லை என்பது அதன் முடிவு. இதழாசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்கு அனுப்பினார். அச்சிடும் முன் நிபுணர்களிடம் காட்ட நாங்கள் அனுமதி தரவில்லையே என்று கோபித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஆனால் அந்த மதிப்பாய்வாளர், ஹெச். பி. ராபர்ட்சன், உலகப் புகழ்பெற்ற பெயரைப் பார்த்துத் தயங்காமல், கணக்கில் சிக்கல் எங்கே என்று விரிவாக எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை பிறகு முடிவு மாறி, 1937இல் வேறொரு இதழில் வெளிவந்தது.

பெயர் மறைக்கப்படாத மதிப்பாய்வில் பெரிய பெயரைக் கண்டதும் மனம் தானாகவே இளகும், தெரியாத பெயரைக் கண்டதும் இறுகும். பெயர் மறைத்த கட்டுரை வந்தால், எழுதியவர் யார் என்று இணையத்தில் துழாவுவதும் அதே தவறுக்குத்தான் கொண்டுபோய்விடும்.

உங்கள் பெயரும் இதில் சிக்கும். "பின்வரும் ஐந்து கட்டுரைகளையும் சேர்க்கவும்" என்று எழுதி, ஐந்தும் உங்களுடையவையாக இருந்தால் இதழாசிரியருக்கு உடனே புரிந்துவிடும். உங்கள் ஒரு கட்டுரை உண்மையிலேயே தேவை என்றால் ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

ரகசியம் காப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. வெளிவராத கட்டுரை உங்களுடையதல்ல. அதை நண்பருக்கு அனுப்பக்கூடாது, அதிலுள்ள யோசனையை எடுத்துப் பயன்படுத்தக்கூடாது. மாணவர் உதவினால் இதழாசிரியரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். சாட்ஜிபிடி போன்ற கருவியில் கட்டுரையை ஏற்றி அறிக்கை தயாரிப்பதும் வெளியாருக்குக் கொடுப்பதுதான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், நிதி விண்ணப்பங்களின் மதிப்பாய்வில் இத்தகைய கருவிகளை 2023இல் தடை செய்தன.

இதழாசிரியருக்கு மட்டும் எழுதும் பெட்டியில் "இது தேறாது" என்று எழுதிவிட்டு, கட்டுரையாளருக்கு "அருமையான முயற்சி, சிறு திருத்தம் போதும்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. மனம் நோகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த வாரம் நிராகரிப்புக் கடிதம் போகும்போது, ஏன் என்று கட்டுரையாளருக்குப் புரியவே புரியாது.

நூல் என்றால் கதை வேறு

கட்டுரை மதிப்பாய்வு அச்சுக்கு முன்னால் நடக்கிறது, அதனால் எதைத் திருத்தலாம் என்று சொல்கிறோம். நூல் மதிப்புரை அச்சுக்குப் பின்னால், உங்கள் பெயரோடு வருகிறது. நூலாசிரியர் இனி மாற்ற முடியாது. நீங்கள் எழுதுவது, அந்த நூலைப் படிக்கலாமா என்று யோசிக்கும் வாசகருக்கு. இந்த வேறுபாட்டை மறப்பவர்கள்தான் "நான்காம் இயலில் இன்னும் இரண்டு வரைபடம் சேர்த்திருக்கலாம்" என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இயல் இயலாகச் சுருக்கம் சொல்லிக்கொண்டே போவது இன்னொன்று. ஆயிரம் சொல்லில் முடிக்கச் சொன்னால் எண்ணூறு அதிலேயே தீர்ந்துவிடும். பொருளடக்கத்தை வாசகரே பார்த்துக்கொள்வார். நூலின் மைய வாதம் என்ன, இதுவரை இருந்த பேச்சை அது எங்கே நகர்த்துகிறது, எந்த இடத்தில் சான்று மெலிகிறது, இதற்குத்தான் அவர் உங்களிடம் வருகிறார். முன்னுரையும் முடிவுரையும் மட்டும் படித்து எழுதிய மதிப்புரையை நூலாசிரியர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். மேற்கோள் எடுத்தால் பக்க எண்ணைக் கொடுங்கள். வாதத்துக்கு நடுவில் ஒரு சொற்றொடரைப் பிய்த்தெடுத்து நேர்மாறான பொருளில் காட்டிவிடாதீர்கள். நன்றியுரையில் உங்கள் பெயர் இருக்கும் நூலுக்கு மதிப்புரை எழுத ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், கட்டுரைக்கே திரும்புவோம். திருத்தப்பட்ட பிரதி சில மாதம் கழித்து உங்களிடமே வரும். அதை முதலிலிருந்து புதிதாகப் படித்து, முதல் சுற்றில் சொல்லாத ஏழு குறைகளை அடுக்காதீர்கள். அவை அப்போதே அந்தப் பக்கங்களில் இருந்தவை. பார்க்காமல் விட்டது நாம். கட்டுரையாளரின் பதில் கடிதத்தை ஒரு பக்கம், உங்கள் பழைய அறிக்கையை மறு பக்கம் வைத்து, கேட்டது ஒவ்வொன்றும் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றை ஏற்க மறுத்து அதற்குக் காரணம் சொல்லியிருப்பார். அந்தக் காரணம் சரியாக இருந்தால், சரி என்று எழுதிவிடுங்கள்.