எழுதும் முன் வாயால் சொல்லிப் பாருங்கள்: மூன்று நிமிடப் பேச்சு தயாரிப்பது எப்படி?

கூட வேலை பார்ப்பவர் ஓய்வு பெறுகிறார். நாலு வார்த்தை பேசச் சொல்லிவிட்டார்கள். உடனே காகிதத்தை எடுத்து "பெருமதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பேச்சு காதுக்கானது, புரியாவிட்டால் முந்தைய பக்கத்தைப் புரட்ட முடியாது. அதனால் முதலில் வாய், அப்புறம்தான் பேனா.

1. ஒரே ஒரு வரி

கேட்டுவிட்டுப் போகிறவரிடம் "என்ன பேசினார்?" என்று விசாரித்தால் என்ன பதில் வர வேண்டும்? "அவர் பொறுமைசாலி." போதும். நேர்மை, உழைப்பு என்று எல்லாவற்றையும் அள்ளப் போனால் எதுவும் நிற்காது.

2. ஒரு சம்பவம்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். "அவருக்குக் கோபமே வராது" என்பதை யாரைப் பற்றியும் சொல்லலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சாயங்காலம் ஆறு மணி. புதுசா சேர்ந்த பையன் கம்ப்யூட்டர்ல மாசக் கணக்கு மொத்தத்தையும் அழிச்சுட்டான். இவர் தோளில் மாட்டின பையைக் கழற்றி வச்சுட்டு, 'சரி, முதல் வரியிலிருந்து நீ படி, நான் அடிக்கிறேன்'னு உட்கார்ந்துட்டார்."

இதில் பொறுமை என்ற சொல்லே இல்லை. ஒரு நேரம், ஒரு சிக்கல், ஒரு செய்கை, அவர் வாயால் சொன்ன ஒரு வாக்கியம், அவ்வளவுதான். சிக்கல் இல்லாவிட்டால் கதை இல்லை. சொல்லி முடித்த கையோடு "இதிலிருந்து நமக்குத் தெரிவது" என்று விளக்கவுரை போடாதீர்கள். உங்களிடம் சம்பவம் இல்லையென்றால் அவருடன் பழகியவர்களைக் கேளுங்கள். கற்பனை வேண்டாம், எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்!

3. பதிவு செய்து, பிறகு எழுதுங்கள்

நண்பரிடம் சொல்வதுபோல் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்டுக்கொண்டே எழுதுங்கள். "நடைபெற்றது" நுழைந்திருந்தால் "நடந்தது" ஆக்குங்கள். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். 'போய், பார்த்து, கேட்டுவிட்டு' என்று வாக்கியம் நீண்டால், கடைசியில் என்னதான் ஆயிற்று என்று கேட்பவர் காத்துக்கிடப்பார். மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டுங்கள்.

4. நேரம் பாருங்கள்

1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் திறப்பு விழாவில், பெயர்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் அதிபர் ஆபிரகாம் லிங்கன் பேசியது ஏறக்குறைய 270 சொற்கள்தான். இன்றும் உலகம் நினைவில் வைத்திருப்பது லிங்கனின் பேச்சைத்தான். நீளம் கூடினால் முதலில் வெட்ட வேண்டியது, மேடையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளிக்கும் பகுதியை.

5. ஒத்திகை

முழுவதையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறினாலும் மொத்தமும் சரியும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். மற்றதற்குச் சின்ன அட்டையில் குறிப்பு: "ஆறு மணி, பை, முதல் வரி." தாள் வேண்டாம், கை நடுங்கினால் தாள் காட்டிக் கொடுத்துவிடும். நின்றுகொண்டு, சத்தமாகப் பேசிப் பழகுங்கள். மனதுக்குள் படிப்பது ஒத்திகையே இல்லை.

6. மேடையில்

பேசும் முன் ஒருமுறை மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியம் முடித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். "நான் அடிக்கிறேன்" என்ற இடத்தில் ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். சிரிப்போ கைதட்டலோ வருவது அங்கேதான். மறந்துவிட்டால் "வந்து, அதாவது" என்று இழுக்காமல் அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு யுகமாகத் தெரியும் அந்த மௌனம் கேட்பவருக்கு இரண்டு நொடிதான்.

கடைசி வாக்கியம் முடிந்ததும் நன்றி சொல்லி உட்காருங்கள். "இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்று மறுபடி மைக்கைப் பிடிக்காதீர்கள்.