இரவில் படகு ஓட்டும்போது டாஷ்போர்டு வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்க

ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (கடலின் ஆழம் காட்டும் கருவி), வயர்லெஸ், போதாததற்கு மொபைல் சார்ஜர் என்று வீல்ஹவுஸில் (படகு ஓட்டும் அறையில்) ஒவ்வொன்றாகச் சேரச் சேர, முன்கண்ணாடி வழியாக வெளியே தெரிவது குறைந்துகொண்டே போகிறது. நாகப்பட்டினத்தில் எங்கள் விசைப்படகில் இதைச் சரிசெய்த பிறகு பக்கத்துப் படகுக்காரர்களும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆளாளுக்குச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

இரவில் பெரிய கப்பல் எப்படியும் தெரிந்துவிடும். வழிவலையை (நீரோட்டத்தோடு மிதக்கும் வலை) போட்டுவிட்டு மிதந்துகொண்டிருக்கும் ஃபைபர் படகுதான் பிரச்சினை. அதில் இருப்பது பெரும்பாலும் ஒரு டார்ச், இல்லையென்றால் வலை நுனியில் மினுக்கும் சின்ன லைட். நம் டாஷ்போர்டு வெளிச்சம் முதலில் மறைப்பது அதைத்தான். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும்; பளிச்சென்று ஒரு திரையைப் பார்த்தால் சில நொடியில் அத்தனையும் போய்விடும்.

பேட்டரி வயரைக் கழற்றுவது, மல்டிமீட்டர் பிடிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எது கூசுகிறது என்று கண்டுபிடியுங்கள்

துறைமுகத்துக்குள் இதைச் செய்ய முடியாது, அங்கே விளக்கு அதிகம். வெளியே நங்கூரம் போட்டிருக்கும்போது, தொழிலுக்குப் போகையில் என்னென்ன எரியுமோ அத்தனையையும் போட்டுவிட்டு, டிரைவர் நிற்கும் இடத்தில் நின்று கண்ணைப் பழக விடுங்கள். பிறகு முன்கண்ணாடியைப் பாருங்கள். அதில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே ஒரு மூலம் இருக்கும். ஒவ்வொரு விளக்கையும் உள்ளங்கையால் மூடிப் பார்த்தால், எதை மூடும்போது எந்தப் புள்ளி மறைகிறது என்று பிடிபட்டுவிடும்.

இதில் ஆபத்தானது சிவப்பு இண்டிகேட்டர். கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு, தூரத்தில் வரும் படகின் இடப்பக்க விளக்கு மாதிரியே இருக்கும். தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். வெளியே தெரியும் மற்ற விளக்குகளோடு ஒப்பிட்டால் பிரதிபலிப்பு மட்டும் இடம் மாறும், உண்மையான விளக்கு அப்படியே நிற்கும்.

டிரைவருக்குப் பின்னால் இருக்கும் விளக்கும் முன்கண்ணாடியில் விழும் என்பதை மறக்க வேண்டாம். சாமி படம், மாதா சொரூபத்தைச் சுற்றிக் கட்டிய சீரியல் லைட்டை யாரும் கழற்றச் சொல்லவில்லை. கண்ணாடியின் கீழ் விளிம்புக்குக் கீழே இறக்கி, எதிரே ஒரு சின்னத் தடுப்பும் வைத்தால் போதும்.

2. திரைகள்

கார்மின் ஜிபிஎஸ்மேப் வகையில் பவர் பட்டனை ஒருமுறை லேசாகத் தட்டினாலே பேக்லைட் அளவு வந்துவிடும். மாடலுக்கு ஏற்ப மெனு கொஞ்சம் மாறும். முதலில் நிறத்தை இரவு நிலைக்கு மாற்றுங்கள், அப்புறம் பேக்லைட்டைக் குறையுங்கள். வெள்ளைப் பின்னணியை அப்படியே விட்டுவிட்டு பேக்லைட்டை மட்டும் குறைத்தால் பாதி வேலைதான் நடக்கும். எக்கோ சவுண்டருக்கும் கறுப்புப் பின்னணிதான்.

குறைந்த அளவிலும் கூசினால், கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிமில் ஒரு துண்டு. 2012ல் உச்ச நீதிமன்றம் கார்களில் அதைத் தடை செய்துவிட்டது, ஆனால் ஜிபிஎஸ் திரைக்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள். பசை போட்டு ஒட்டாமல் மேல் விளிம்பில் மட்டும் டேப் போட்டால் பகலில் தூக்கிவிடலாம். அதே ஃபிலிமை முன்கண்ணாடியில் மட்டும் ஒட்டவே கூடாது.

சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் செல்களை சிவப்பு அதிகம் தொந்தரவு செய்யாது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாள் வழியாகப் பார்த்தால் திரையில் சிவப்புக் குறியும் வெள்ளைப் பின்னணியும் ஒன்றாகிவிடும், நீலக் கோடு கறுத்துவிடும். பாறை எது, கப்பல் பாதை எது என்று தடுமாற வேண்டியிருக்கும். நிறத்தை விட அளவுதான் முக்கியம். பளிச்சென்று எரியும் சிவப்பும் கூசத்தான் செய்யும்.

3. சின்ன விளக்குகள்

யுஎஸ்பி சார்ஜரின் நீல விளக்குதான் படகிலேயே மோசமான ஆள். இரவில் பார்க்கும் செல்கள் நீலப் பச்சைக்குத்தான் அதிகம் துடிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி மறைத்துவிடுங்கள். ஆனால் ஆயில் பிரஷர், பில்ஜ் (படகின் அடியில் தேங்கும் தண்ணீர்) அலாரம் இரண்டையும் முழுக்க மூடக் கூடாது. அவற்றின் மேல் அந்தக் கறுப்பு ஃபிலிமை இரண்டு அடுக்காக ஒட்டினால், எரியும்போது தெரியும், கூசாது. ஒட்டிய பிறகு எரியவிட்டுப் பகலிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மீட்டர் விளக்குகளுக்கு டிம்மர்

எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். எல்.இ.டி ஸ்ட்ரிப்புக்கு விற்கும் மலிவான டிம்மரை வாங்கி, மீட்டர் விளக்குகளின் பாசிடிவ் வயரில் இணைப்பீர்கள். குமிழைத் திருகினால் ஒன்றும் குறையாது, விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். டிம்மர் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். அந்த வகை டிம்மர்கள் பெரும்பாலும் நெகடிவ் பக்கத்தைத்தான் மாறி மாறித் துண்டித்து இணைக்கும். பாசிடிவ் நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்துவிடும். மீட்டருக்குள் இருக்கும் விளக்கின் நெகடிவோ, மீட்டரின் எர்த்தோடு சேர்ந்தே இருக்கும். மின்சாரம் டிம்மருக்குள் திரும்பாமல் எர்த் வழியாகவே போய்விடுகிறது.

வாங்கும் முன்பே சோதிக்கலாம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, டிம்மரின் உள்வரும் பாசிடிவையும் வெளிச்செல்லும் பாசிடிவையும் தொடுங்கள். பீப் அடித்தால் அது நெகடிவைக் கட்டுப்படுத்தும் வகை, மீட்டருக்கு உதவாது. பாசிடிவைக் கட்டுப்படுத்தும் டிம்மர் என்று கேட்டே வாங்குங்கள். உங்கள் படகு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் பின்னால் விளக்குக்குத் தனி முனை இருக்கும். அதை மட்டும் டிம்மருக்குக் கொண்டுவாருங்கள். மீட்டருக்கு வரும் மெயின் சப்ளையை டிம்மர் வழியாக விட்டால் ஆர்.பி.எம், வெப்பநிலை எல்லாம் தப்புத் தப்பாகக் காட்டும். டிம்மருக்கு முன்னால் 2 ஆம்பியர் ஃபியூஸ். சாலிடர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்; முறுக்கி டேப் சுற்றினால் உப்புக் காற்றில் பச்சை பிடித்துவிடும்.

பிறகு சேர்த்தது: டிம்மர் போட்ட பிறகு வயர்லெஸ்ஸில் இரைச்சல் வருகிறது, எக்கோ சவுண்டரில் கோடு விழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிம்மர் விளக்கை நொடிக்குப் பலமுறை அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது, அந்தத் துடிப்புதான் இரைச்சல். டிம்மரை ஆன்டெனா வயர், எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசர் வயர் இரண்டிலிருந்தும் தள்ளி வையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் டிம்மர் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

5. டாஷ்போர்டும் கண்ணாடியும்

பளபளக்கும் எனாமல், ரெக்சின் இரண்டுமே எதிரி. நான் சிபாரிசு செய்வது பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கும் பிளாக்போர்டு பெயின்ட். மினுக்கமே இருக்காது, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். திரைகளின் மேலும் பக்கத்திலும் கறுப்பு ஃபோம் ஷீட்டை வெட்டிக் கூரை மாதிரி நீட்டுங்கள்.

புது வீல்ஹவுஸ் கட்டுபவர்களுக்கு ஒன்று. பெரிய கப்பல்களின் முன்கண்ணாடி மேல்பக்கம் வெளியே சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி 55 மீட்டருக்குக் குறையாத கப்பல்களுக்கு 10 முதல் 25 டிகிரி சாய்வு கேட்கிறது. அப்படிச் சாய்த்தால் உள்ளே கீழே இருக்கும் விளக்கின் பிரதிபலிப்பு டிரைவரின் கண்ணுக்கு வராமல் விலகிப் போய்விடும். நம் படகுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனாலும் ஆசாரியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

கண்ணாடியில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஈரத் துணியால் தேய்த்தால் பரவத்தான் செய்யும்.

6. வெளியே

அணியத்தில் (படகின் முன்பக்கம்) கிடக்கும் வெள்ளை ஐஸ் பெட்டி மேல் மாஸ்ட் விளக்கு பட்டால் உள்ளே செய்த வேலையெல்லாம் வீண். பெட்டி மேல் கறுப்புத் தார்பாய் போடுங்கள். பக்க விளக்குகளின் உள்தடுப்புக்கு மினுக்கம் இல்லாத கறுப்பு பெயின்ட் அடியுங்கள். வலை இழுக்கும் ஃபோகஸ் லைட்டை வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். 1972 மோதல் தடுப்பு விதிகளில் 20ஆவது விதியும், கண்காணிப்புக்கு இடைஞ்சலான வேறு விளக்கு எரியக் கூடாது என்றுதான் சொல்கிறது.

கண்ணாடியே இல்லாத ஃபைபர் படகுக்கு என்ன செய்வது என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அங்கே கூசுவது கையில் இருக்கும் மொபைல்தான். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் கூடுதல் மங்கல் வசதி இருக்கிறது, அதை ஷார்ட்கட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட் டார்ச் வாங்கினால், அமுக்கியதும் முதலில் மங்கிய நிலையில் எரிவதைத் தேடி வாங்குங்கள். முழு வெளிச்சத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறைவது நமக்குச் சரிவராது.