கஞ்சிப்பாசியிலிருந்து அகார், அகாரோஸ்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

மேலப்பாளையத்தில் நோன்பு திறக்கும்போது ரோஸ் கலரில் துண்டு போட்டுத் தரும் கடல்பாசியைத் தின்றிருப்பீர்கள். லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பதும் அதே சரக்குதான், பெயர் அகார். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிருமித் தட்டில் ஊற்றிவந்த ஜெலட்டின் வெயிலுக்கு உருகித் தொல்லை கொடுத்தபோது, அகாரைப் போட்டுப் பாருங்கள் என்று கிருமி ஆய்வு செய்துவந்த கணவரிடம் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே. சமையற்கட்டில் பழகிய யோசனை.

நமக்குச் சுலபமாகக் கிடைப்பது கஞ்சிப்பாசி. மரிக்கொழுந்துப்பாசியில் தரம் கூடுதல், விலையும் கூடுதல். பெப்சிப்பாசி என்று ஒன்று தருவார்கள், வாங்காதீர்கள். அதில் இருப்பது அகார் இல்லை, காராஜீனன் என்ற வேறு கூழ்ப்பொருள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே போய்ப் பறிக்கக் கூடாது. காய்ந்த பாசியாக 100 கிராம் வாங்கினால் போதும்.

மணல், சிப்பி, ஒட்டியிருக்கும் வேறு பாசி எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். உவரிப் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. தாமிரபரணித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ நல்லது.

அடுத்தது காரம், அதாவது காஸ்டிக் சோடாத் தண்ணீர். இதைத்தான் முதல் தடவை நான் விட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று காய்ச்சி ஊற்றினால், மறுநாள் காலையில் தட்டைச் சாய்த்ததும் தளதளவென்று ஓடுகிறது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, யாருக்குல இந்தக் கஞ்சி?" என்றாள். பேர் அப்படியே பலித்துவிட்டது. அகார் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. கஞ்சிப்பாசியின் சங்கிலியில் சல்ஃபேட் தொங்கிக்கொண்டிருக்கும். அது இருக்கிறவரை சங்கிலிகள் நெருங்கிப் பின்னிக்கொள்ளாது. சூடான காரம் அந்தச் சல்ஃபேட்டைக் கழற்றி, அந்த இடத்தில் அன்ஹைட்ரோ கேலக்டோஸ் என்ற சர்க்கரை வளையத்தை உண்டாக்கும், சங்கிலிகள் பின்னிக்கொள்ளும். இறுக்கம் அதனால்தான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவில் தண்ணீரை ஊற்றினால் மூஞ்சியில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் கிளப்பும். பாசி மூழ்குமளவு ஊற்றி, 80 டிகிரியில் இரண்டு மணி நேரம், கொதிக்கவிடாமல். பிறகு அலசுங்கள், அலசுங்கள், கை வழுவழுப்புப் போகிறவரை அலசுங்கள். கடைசியில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் முக்கி, லிட்மஸ் தாள் நிறம் மாறுவது நிற்கிறவரை மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். வினிகர் மிச்சமிருந்தால் கொதிக்கும்போது அகாரையே வெட்டிவிடும்.

மூன்று லிட்டர் தண்ணீரில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் பாசி கரைந்து குழையும். பழைய வேட்டியை நாலாக மடித்து, கொதிக்கக் கொதிக்க வடிகட்டுங்கள். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள்: 40 டிகிரிக்குக் கீழே போனால் வேட்டியோடு உறைந்துவிடும், திரும்ப உருக 85 டிகிரி வேண்டும்.

தட்டில் உறைந்ததை விரல்மொத்தத்துக்கு நறுக்கி, ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்து வலையில் பரப்புங்கள். பனி உருகும்போது உப்பும் நிறமும் பழுப்புத் தண்ணீராகச் சொட்டும். கையில் மிஞ்சுவது பஞ்சுபோல வெளுத்த துண்டு. சித்திரை வெயிலில் ஒரே நாளில் மொறமொறக்கும். இதுவே அகார்.

அகாரோஸ் வேண்டுமென்றால் இன்னொரு படி. இதைக் கல்லூரி லேபில் செய்யுங்கள். அகாரில் மின்னேற்றமில்லாத அகாரோஸும், சல்ஃபேட் ஒட்டிய அகாரோபெக்டினும் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ச்சி டிஎன்ஏ துண்டுகளைக் கோடு கோடாகப் பிரிக்கும் ஜெல்லில் அகாரோபெக்டினின் மின்னேற்றம் தண்ணீரை ஒரு பக்கமாக இழுத்து, கோடுகளைக் கலைத்துவிடும். 4 சதவீத அகார் கரைசலையும், 40 சதவீத பாலிஎத்திலீன் கிளைகால் 6000 கரைசலையும் 80 டிகிரியில் சம அளவு கலக்குங்கள். அகாரோஸ் மட்டும் திரிந்த பால்போல வெள்ளையாகப் பிரியும், மற்றது கரைசலிலேயே நிற்கும். ஆறுமுன் நைலான் துணியில் வடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பலமுறை கழுவி, கடைசியில் அசிட்டோனில் அலசி உலர்த்துங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

காரத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள், வினிகர் ஊற்றிச் சமன் செய்த பிறகே வெளியே விட வேண்டும். வேட்டியில் மிஞ்சிய சக்கையை எங்கள் வீட்டில் தென்னை மூட்டில் போடுகிறோம்.